வடிகட்டி சாரும் ஒரே வீட்டு ரத்தமும்

பெற்ற தாயே வந்து 'நான்தாண்டா உன் அம்மா' என்று சொன்னாலும் ஆதாரம் கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் வடிகட்டி சார்தான்.

விருதுநகரில் நாங்கள் வேலை பார்த்த மரபணு ஆராய்ச்சி அலுவலகத்தில் அவர் கம்ப்யூட்டரில் தகவல்களை அலசுகிறவர். நான் ஊர் ஊராகப் போய்க் குடும்ப விவரம் கேட்டு வருகிற ஆள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் முகாம் போட்டு எடுத்த ரத்தம், லேப் போய், எழுத்தும் எண்ணுமாக அவர் திரைக்கு வரும். அதில் தப்பானதை வடிகட்டுவது அவர் வேலை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் சீனி போட்டது ஒன்று, போடாதது ஒன்று வாங்கி, இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் "சீனி கம்மி" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மூக்கையும் பெண் மூக்கையும் மாறி மாறிப் பார்த்து, "தாய்மாமன் மகளா?" என்று பந்தியிலேயே விசாரிப்பார். சாம்பிள்களிடம் மட்டும் ஏக மரியாதை. "நாப்பத்தேழு வந்துட்டாகளா?" என்பார். நாப்பத்தேழு என்பது ஒரு ரத்தக் குப்பி.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"ஏலே, சிவகாசி ஷாஹிதா குடும்பத்துல பிள்ள அம்மாவோட ஒட்டவே மாட்டேங்குதுலே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷாஹிதா வீடு நாரணாபுரம் பக்கம். கணவர் காலண்டர் ஆர்டர் எடுப்பவர். மகன் ரியாசுக்குக் காது கேட்காது. மாசமாக இருந்தபோது, பட்டாசுக் கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்க்கிற நேரத்தில் அவள் மாடியில் துணி காயப்போட்டாளாம். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று மாமியார் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இப்போது பிள்ளையே அவளுடையது இல்லை என்றால் அவள் கதி என்ன?

"எதுக்கு வம்பு? அந்தக் குடும்பத்தையே லிஸ்ட்லருந்து எடுத்துருங்க" என்றார் எங்கள் டாக்டரம்மா. வடிகட்டியே பேர் வாங்கிய மனிதர் அன்று மாட்டேன் என்றார்.

"அத்தாவோட, அதான் அப்பாவோட, பாதி ஒட்டணும் மேடம். கால்வாசி ஒட்டுது. அப்ப இது வேற யாரோ இல்ல, அவரு அண்ணன் தம்பி மகன். நேர்ல கேட்டுட்டு வாரேன்."

நாற்காலியை விட்டு அசையாதவர் என்னோடும் நர்ஸோடும் பஸ் ஏறினார். நான் சுற்றி வளைத்துக் கேட்டதும் மாமியார் சிரித்துவிட்டார்.

"முகாம்ல ஊசியப் பாத்ததும் ரியாசு அம்புட்டு அழுக அழுதான். மனசு கேக்கல. மூத்தவன் மகன உக்கார வச்சேன். ஒரே வீட்டு ரத்தம்தானப்பா, யாருகிட்ட எடுத்தா என்ன?"

ரியாஸ் அப்போதும் கதவுக்குப் பின்னால்தான் இருந்தான். ஊசி ஒன்றும் செய்யாது என்று காட்ட, வடிகட்டி சார் சட்டைக் கையைச் சுருட்டி நர்ஸிடம் நீட்டினார். குழாயில் சிவப்பாக ஏறியதைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். வருடக்கணக்காக ரத்தத்தை ஆராய்ந்தவர், ரத்தத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ரியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த வாக்கில் தானே வந்து கையை நீட்டினான்.

சில வாரம் கழித்து, டாக்டரம்மா சம்மதத்தோடு நானும் வடிகட்டி சாரும் முடிவைச் சொல்லப் போனோம்.

"இந்தக் கோளாறு அம்மாகிட்டருந்து ஒண்ணு, அத்தாகிட்டருந்து ஒண்ணு வந்துருக்கு. ரெண்டும் சேந்ததாலதான் பிள்ளைக்குக் கேக்கல. வெடிக்கு இதுல ஜோலியே இல்ல" என்றார் வடிகட்டி சார்.

"எம் மகன்கிட்டருந்துமா?" என்றார் மாமியார்.

"ஆமாங்கம்மா. அவருக்கு உங்ககிட்டருந்தோ அவுக அத்தாகிட்டருந்தோ வந்துருக்கும்."

ஷாஹிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமியார் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியாமப் பேசிட்டேன்த்தா" என்றார்.

மதுரை பஸ்ஸில் திரும்பினோம். வடிகட்டி சார் என் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கினார். விருதுநகர் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, அடுத்து வருகிற திருமங்கலத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.