புதுக் காயில் கருகிய படலம்

வாழ்க கமலக்கண்ணன்! ஓசூர்ச் சிப்காட்டின் பராமரிப்புப் பிரிவில் பழுதென்னும் பகையைப் பலமுறை முறியடித்த பெருந்தகை. பியரிங் மாற்றிய பேராண்மையன். கதறும் கியர்பெட்டியைக் காது வைத்தே கண்டறிந்து அடக்கிய கோமான். ஸ்பேனர் ஏந்திய தடக்கையும் எண்ணெய்க் கறை நீங்கா நகமும் உடையோன். அவன் புகழ் பாட என் ஒரு நாக்குப் போதாது. எனக்கு அவனை நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அவன் முகத்தைத்தான் சவரம் செய்துகொள்கிறேன்.

இவ்வீரன் பொங்கலன்று ஒரு சபதம் செய்தான். கருவுற்றிருந்த மனைவி சுமலதாவுக்குச் சிகரெட் வாடை பட்டாலே குமட்டியது. "இன்னொரு வாட்டி அந்த நாத்தத்தோட வந்தீங்கன்னா நான் வேப்பனப்பள்ளிக்கே போயிடறேன், எங்கம்மா என்னப் பாத்துக்கும்" என்று அவள் பெட்டியைக் கையில் எடுத்ததும், "மண் பிளப்பினும் மலை பெயரினும் இனிச் சிகரெட்டைத் தீண்டேன்!" என்று மாமியார் வீட்டுத் திசை நோக்கி முழங்கினான். முழங்கியவன் மறுவாரமே, நாடெங்கும் விற்கத் தடையுள்ள வேப் என்னும் ஆவிக்குழலை, பெங்களூரில் வேலை பார்க்கும் மைத்துனன் சந்தோஷ் வழியாக வரவழைத்துக்கொண்டான். இது புகையல்லவாம், ஆவியாம். மொட்டைமாடியில் நின்று இழுத்தால் சபதத்துக்குப் பங்கமில்லையாம். சுமலதா முறைத்தாள், ஆனால் பெட்டியைத் திரும்பப் பரண்மேல் வைத்தாள்.

அக்குழலின் வயிற்றிலே சிறு கம்பிச்சுருள் ஒன்று உண்டு. அச்சுருளைத் தழுவிப் பஞ்சு உண்டு. பஞ்சு குடித்த ஜூஸ் என்னும் நிக்கோட்டின் திரவத்தைச் சுருள் சுட்டு ஆவியாக்கும். காயில் என்பது அதன் திருநாமம். ஒரு ஞாயிறு காலை பழைய காயில் ஆயுள் முடிந்து அடங்க, கமலக்கண்ணன் புதுப் பாக்கெட்டைப் பிரித்தான். "மாமா, பஞ்சு மேல நாலு சொட்டு ஜூஸ் விட்டு, நல்லா ஊற வெச்சுட்டு அப்புறமா இழுங்க" என்று போன் ஸ்பீக்கரில் கத்தினான் சந்தோஷ்.

அவ்வாறே விட்டான். விட்டவன், புதுப் பாகத்தின் மேனியில் எண்ணெய்போல் ஏதோ மினுமினுப்பதைக் கண்டான். ஐயகோ! கிடங்கிலிருந்து வரும் புதுப் பாகம் எதுவாயினும் துருவுக்கு அஞ்சி எண்ணெய் பூசியே வரும்; அதை வேஸ்ட் துணியால் துடைத்து, காற்றடித்து, பிறகே பூட்டி, முழு லோடில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவன் குலதர்மம். மூளை தடுக்குமுன் கை முந்தியது. துடைத்தான்; சைக்கிள் பம்பால் காற்றடித்தான்; சருகாய் உலர்ந்த பஞ்சைப் பூட்டி, சுருளின் சூட்டைக் கூட்டும் வாட் அளவை உச்சத்தில் ஏற்றி, சங்கெடுத்த தேர்வீரன்போல் மார்பு விரித்து, ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினான். மாம்பழச் சுவை என்று புட்டியில் எழுதியிருந்தது. தொண்டையில் இறங்கியதோ தீய்ந்த தலையணை. மாம்பழச் சீமையான கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

சினந்தெழுந்தது சிப்காட் சிங்கம்! ஜூஸில் குற்றமெனப் புட்டியை மாற்றியது. பேட்டரி முனையில் குற்றமென உப்புத்தாளால் தேய்த்தது. வாட்டைக் குறைத்தது, கூட்டியது. எல்லை தாண்டி வந்த பொருளாதலின் கன்னட நாட்டுச் சதியோ என்றும் ஐயுற்றது. குற்றமற்றோர் அனைவரையும் விசாரித்து முடித்தபின் அடுத்த காயிலை எடுத்து, முன்னிலும் பக்தியாய்த் துடைத்து, முன்னிலும் மூர்க்கமாய்க் காற்றடித்து, முன்னிலும் கருக்கியது. இவ்வாறே பாக்கெட்டிலிருந்த காயில்கள் ஒவ்வொன்றாய்க் களம் புகுந்து, கருகி, வீரசுவர்க்கம் எய்தின. ஒவ்வொரு கருகலுக்கும் நடுவே தெருமுனையில் சிகரெட் விற்கும் ஆஞ்சப்பன் கடை கண்ணில் பட்டது. கமலக்கண்ணனுக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது. இந்தக் குழல் கைவிட்டால் தன் கால் எந்தப் பக்கம் போகுமென்று அவனுக்குத் தெரியும்.

துணி உலர்த்த மொட்டைமாடிக்கு வந்த சுமலதா, கடைசிக் காயிலும் கருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பஞ்சு ஊறணும்னுதானே சந்தோசு அந்தக் கத்து கத்துனான்? ஊத்திட்டு உடனே தொடைச்சுட்டா எங்கிருந்து ஊறும்?"

பம்பு கையிலிருந்து நழுவியது. கருகிய காயிலுக்கு ஜூஸை அபிஷேகமே செய்து, கண்மூடிக் காத்திருந்து, மறுபடி இழுத்தான். கருகிய பஞ்சு மன்னிக்கவில்லை. இன்னொரு பாக்கெட்டோ பெங்களூரில் இருந்தது. சுமலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்போது எழுந்தான் கமலக்கண்ணன். குழலைக் குப்பைக்கூடையில் எறிந்து, தண்ணீர்த் தொட்டியின் மீதேறி, கொடியில் ஆடும் நைட்டிகளே கொடிப்படையாக, எண்திசையும் அதிர முழங்கினான்: "கேளீர் ஓசூர் வாழ் மாந்தரே! இக்கணம் தொட்டு ஆவியும் வேண்டேன், புகையும் வேண்டேன்! பிறக்கப்போகும் என் மகவின்மேல் ஆணை!"

சுமலதாவின் சிரிப்பு நின்றது. "நெசமாவா சொல்றீங்க?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் நம்பிவிட்டாள்.

சாயங்காலம் பால் வாங்கி வரச் சொன்னாள். பாலோடு ஒரு சிகரெட்டும் வாங்கினேன்.