பரீட்சை மாமா புரண்டு படுக்காத நாள்

தொண்ணூறுகளின் கடைசியில் டெல்லியில் டாக்டரான பாதிப் பேருக்குக் காது திறந்ததே பரீட்சை மாமாவின் நெஞ்சில்தான். மீதிப் பேர் அதே நெஞ்சில் பெயிலானவர்கள். நான் இரண்டாவது கோஷ்டி, அதுவும் இரண்டு தடவை.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஏதோ ஒரு அமைச்சகத்தில் ஃபைல் தள்ளி, ரிட்டையராகி, மயூர் விஹாரில் மகன் வீட்டுக்குக் குடிபோனவர். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவர் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அதனால் துடிப்புக்கு நடுவே ஓர் உறுமல். அதுவும் லேசில் கேட்காது. ஆள் இடப்பக்கம் புரண்டு படுத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால்தான் கேட்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் குடும்ப மருத்துவம் படிக்கிறவர்களுக்குப் பரீட்சை வைக்க இப்படி ஒரு நெஞ்சு தேவைப்பட்டது. ஒரு தடவை கூப்பிட்டார்கள். அதைச் சர்க்கார் கொடுத்த மறுநியமனமாகவே மாமா எடுத்துக்கொண்டுவிட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே முடிவெட்டிக்கொள்வார். சட்டையில் சாதாரண பட்டன்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு பிரஸ் பட்டன் தைத்து வைத்திருந்தார். நாம் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுப்பதற்குள் டப் டப் டப்பென்று நெஞ்சு தயாராகிவிடும். அடுத்த நொடி, யாரும் சொல்லாமலே இடப்பக்கம் புரண்டு மூச்சை நிறுத்திக்கொண்டு கிடப்பார். இதைவிடப் பச்சையாக ஒருவர் விடையைச் சொல்ல முடியாது. இருந்தும் நாங்கள் பெயிலானோம் என்றால் எங்கள் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் மண்ணீரல் வீங்கிய காஜியாபாத்காரர் ஒருவரும் வருவார். அவரைக் கண்டால் மாமாவுக்கு ஆகாது. வயிற்றில் கையை வைத்தாலே தட்டுப்படுகிற சமாச்சாரத்துக்கு எதற்கு டாக்டர், தர்பூசணி விற்கிறவனே சொல்லிவிடுவானே என்பார். காதுக்கும் மூளைக்கும் வேலை வைக்கிற கேஸ் தன்னுடையது ஒன்றுதானாம்.

இதய டாக்டர் ஒருவர் ஆபரேஷன் செய்து வால்வைச் சரிபண்ணிவிடலாம் என்றார். மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சத்தம் போய்விடுமா? போய்விடும் என்றதும் பிரஸ் பட்டன்களை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ரிட்டையர் ஆனவனை இன்னொரு தடவை ரிட்டையர் பண்ணாதீங்க டாக்டர்."

தமிழ்ப் பிள்ளைகள் என்றால் மாமாவின் சலுகை கொஞ்சம் கூடுதல். குளிருது, குத்துது என்று முனகுகிற ராகத்தில் முழு விடையையும் தமிழில் சொல்லிவிடுவார். பரீட்சகர் பஞ்சாபி. "க்யா போல் ரஹே ஹைன்?" என்ன சொல்கிறார் இவர் என்று சந்தேகமாகக் கேட்பார். கை குளிர்ச்சியாக இருக்கிறதாம் சார் என்று சொல்லிச் சமாளிப்போம். ஜூன் மாத டெல்லியில் கை குளிருகிற ஒரே வார்டு எங்களுடையதுதான்.

நான் பெயிலானது உறுமலால் அல்ல. அதை இரண்டு தடவையும் சரியாகச் சொன்னேன். எங்கள் பரீட்சையில் அதற்குப் பிறகுதான் வினை. இவர் உன் க்ளினிக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறார், இந்த நிமிஷம் என்ன செய்வாய் என்று பரீட்சகர் கேட்பார். முதல் தடவை புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தை ஒப்பித்தேன். இரண்டாவது தடவை இருபத்திரண்டு டெஸ்ட்டுகளை அடுக்கினேன். எதை முதலில் செய்வாய் என்றார். எல்லாவற்றையும் என்றேன். பரீட்சகர் பேனாவை மூடிவிட்டார்.

அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்குக் கொடுத்த பிரெட் பக்கோடாவில் பாதியைப் பிய்த்து நீட்டினார். ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல நெஞ்சை வைத்துக்கொண்டு எப்படிம்மா பெயிலாறே என்று திட்டினார்.

மூன்றாவது தடவை ஜனவரியில். இதிலும் கோட்டை விட்டால் ஆஸ்பத்திரியில் எனக்கு இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவோ அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் பெண் பாஸ் பண்ணிவிட்டாள் என்று ஆறு மாதம் முன்பே சொல்லிவைத்திருந்தார். எனக்கு முன்னால் போன மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நம்ம மாமாதான், வழக்கமான கேஸ்தான் என்று ஒருத்தன் என் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

உள்ளே போனேன். மாமா இடுப்புவரை போர்வை போர்த்தி மல்லாந்து படுத்திருந்தார். பிரஸ் பட்டன்கள் திறந்திருந்தன. ஆனால் ஆள் புரளவில்லை. முனகலும் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். அவர் துடிப்பு எனக்கு மனப்பாடம், அரசாங்க உத்தியோகம் மாதிரி ஒரே சீராகப் போகும். அன்றைக்கு அது நினைத்தபோது ஓடி, நினைத்தபோது நின்றது. மாமாவின் நெற்றியில் வியர்வை. ஜனவரி மாதம், ஹீட்டர் கிடையாது.

"மாமா, உடம்புக்கு என்ன பண்றது?"

"ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்கு விடையைச் சொல்லு. மைட்ரல் வால்வு."

"ஏன் திரும்பிப் படுக்கல?"

"கால் கொஞ்சம் மரத்துப் போயிருக்கு. டெல்லிக் குளிர்."

போர்வையைத் தூக்கினேன். சாக்ஸைக் கழற்றி இரண்டு காலையும் தொட்டேன். வலது கால் வெதுவெதுப்பாக இருந்தது. இடது கால் பளிங்குத் தரை. வெளுத்துப் போயிருந்தது, நாடியே இல்லை. டெல்லிக் குளிர் எவ்வளவு பொல்லாததானாலும் ஒரு காலை மட்டும் பார்த்துப் பிடிக்காது. இதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி கிளம்பிக் காலுக்குப் போகும் குழாயை அடைத்திருந்தது. சில மணி நேரத்தில் எடுக்காவிட்டால் கால் போய்விடும்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்து வலியாம். மூன்று பேர் அவர் நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விடை எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் போர்வையைத் தொடவே இல்லை.

"ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா என்னை எடுத்துட்டு வேற கேஸ் போடுவாங்கம்மா. உனக்கு மூணாவது தடவை. இது உனக்குத் தெரிஞ்ச கேஸ்."

இருபத்திரண்டு டெஸ்ட்டில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"க்யா போல் ரஹே ஹைன்?" என்றார் பரீட்சகர்.

சார், பரீட்சை கிடக்கட்டும், ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்று ஹிந்தியில் கத்தினேன். அவர் வந்து காலைத் தொட்டார். அதற்குப் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவர். மாமா மட்டும் படுத்தபடியே, இவள் இன்னும் விடை சொல்லவில்லை, நேரம் முடிந்தது என்று மணி அடிக்காதீர்கள் என்று வழி நெடுக மன்றாடிக்கொண்டு வந்தார்.

கால் பிழைத்தது. நானும் பிழைத்தேன். இந்த நிமிஷம் என்ன செய்வாய் என்ற கேள்வியை அந்தத் தடவை பரீட்சகர் என்னிடம் கேட்கவே இல்லை. மார்க் ஷீட்டில் பாஸ் என்று எழுதிவிட்டு, போய் முகம் கழுவிக்கொள் என்றார்.

இரண்டு மாதம் கழித்து மகன் அதட்டி ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். உறுமல் போனது. அதற்குப் பதிலாக டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து சேர்ந்தது, ஸ்டெதாஸ்கோப்பே இல்லாமல் இரண்டு கஜ தூரத்துக்குக் கேட்கும்படி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போனால் கடைக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பரீட்சைக்குப் போய் நின்றார். ரொம்ப சுலபமான கேஸ், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு காஜியாபாத்காரரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பின்னாளில் நான் மயூர் விஹாரில் க்ளினிக் வைத்தபோது மாமா தினமும் காலையில் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். உடம்புக்கு ஒன்றும் இருக்காது. பேப்பர் படிப்பார், வருகிறவர்களுக்கு என்ன வியாதி என்று தானே ஒரு முடிவுக்கு வருவார், போய்விடுவார். அவர் வந்து உட்கார்ந்து, மெலிசாக அந்த டிக் டிக் என் காதில் விழும்வரை நான் முதல் பேஷண்டைக் கூப்பிட்டதில்லை.