கொப்புளிப்பானும் கோயில் பாட்டும்

திருகோணமலை,
18.3.1963

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் இராசையாவுக்கு,

தேவகிருபையால் உம்முடைய அக்காவும் நானும் நலமே. மட்டக்களப்பில் நீரும் பிள்ளைகளும் அவ்வண்ணமே நலமாயிருக்க அனுதினமும் மன்றாடுகிறோம். நிற்க. "அத்தானுக்கு உடம்பு முழுக்கக் கொப்புளிப்பான். மூன்று ஞாயிறாய்க் கோயிலுக்குப் போகாமல் வாடிப்போனார், உயிர்த்த ஞாயிறுக்காவது வந்து கூட்டிக்கொண்டு போ" என்று அக்கா உமக்கு எழுதியதாக அறிந்தேன். கொப்புளிப்பான் வந்தது மெய். வாடியது பொய்.

இருபத்தேழு வருடமாக ஒரு ஞாயிறும் தவறவிடாதவன் நான். சீனன்குடாவில் வேலை பார்த்த காலத்திலேயே சைக்கிள் மிதித்து வந்து முதற் பாட்டுக்குச் சுருதி கொடுத்தவன். துறைமுகத்தில் கப்பல் ஊதுவதற்கும் என் குரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று பழைய போதகர் சொல்லுவார். புகழ்ச்சியாகத்தான். அப்படிப்பட்டவனை, மூன்று கிழமைக்கு வெளியே போகப்படாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சரி, தேவன் என்ன கோயிற் சுவருக்குள்ளேயா அடைபட்டுக் கிடக்கிறார்? எங்கட சன்னலுக்கும் கோயிலுக்கும் நடுவில ஒரு வேலிதானே. முதல் ஞாயிறு வெள்ளைக் கோட்டுப் போட்டு, கொப்புளத்துக்கு மேல பவுடர் பூசி, சன்னலடியில கதிரையை இழுத்துப் போட்டு இருந்தன். ஆர்மோனியம் வாசிக்கிறது புஸ்பராணி ரீச்சர், போன வருசம் மாற்றலாகி வந்த பிள்ளை. எடுத்தா பாரும் ஒரு சுருதி, கிணத்துக்குள்ள விழுந்த வாளி மாதிரி. எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. சன்னலால என்ர சுருதியைக் குடுத்தன். இந்தப்பக்கத்து வாங்குகளில இருந்த சனம் பழக்கதோசத்தில என்னோட வந்திட்டுது, அந்தப்பக்கத்துச் சனம் ரீச்சரோட நிண்டிட்டுது. நாங்கள் நாலாம் சரணம் முடிக்கேக்க அவை மூண்டிலதான் இழுபட்டவை. வெண்டது ஆர்? நாங்கள்தான். பிறகு பிரசங்கம். அது எத்தினை நிமிசம் போகுமெண்டு எனக்கு மணிக்கூடு பாக்காமலே தெரியும். முடிஞ்சிருக்கும் எண்டு கணிச்சு, "ஆமென்" எண்டன். சபை முழுக்க எழும்பி நிண்டிட்டுதாம். போதகர் அப்பதான் இரண்டாம் குறிப்புக்கு வந்தவராம். என்ன செய்யிறது, அதோட முடிச்சுப்போட்டார். மூண்டு பேர் எனக்கு நன்றி சொல்லி அனுப்பினவை. பக்கத்து வளவு ஜமால்தீன் காக்கா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "ஐயா, உங்கட சத்தம் கடைத்தெரு வரைக்கும் கேட்டிச்சு, பாயில கிடக்கிற வருத்தக்காரர் மாதிரி இல்லையே" எண்டார். கதிரையில இருந்தபடி ஒரு சபையையே எழுப்பின வருத்தக்காரனை நீர் எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறீரா?

அடுத்த கிழமை போதகர் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சின்ன வயசிலயே கொப்புளிப்பான் வந்து போனதாம், பயமில்லை. ஜெபிச்சார், தேத்தண்ணி குடிச்சார், கடைசியில மெல்லமா, "எபநேசர், சுகம் வருமட்டும் அந்தச் சன்னலைச் சாத்தி வையுங்கோ, காத்துப் படப்படாது" எண்டார். என்ர உடம்பில அந்த மனுசனுக்கு எவ்வளவு கரிசனை! உம்மட அக்கா குசினிக்குள்ள நிண்டு சிரிச்சவ, ஏனெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. சாத்தின சன்னலுக்குள்ள இருந்தே பாட்டுப் புத்தகத்தில பாதியைப் பாடி முடிச்சன். ஆனபடியால் மச்சான், கோயிலில்லாமல் நான் இருப்பேன். நானில்லாமல் கோயில்தான் என்ன பாடுபடுகிறதோ! அவர்களாக வந்து கூப்பிடட்டும், பிறகு பார்ப்போம். நீர் வீணாக லீவு போட்டு வரவேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். சமாதானத்தின் தேவன் உம்மையும் உம்முடைய வீட்டாரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக.

உம்மில் மாறாத அன்புள்ள அத்தான்,
எபநேசர் தம்பிராசா

பி.கு.: அக்கா சந்தைக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன். டொக்டர் போன செவ்வாயே சுகமென்று சொல்லிவிட்டார். களைப்பு இன்னும் போகவில்லையென்று அக்காவுக்குப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று அவ கோயிலுக்குப் போன பிறகு நானும் உடுத்துக் கோயில் வாசல்வரைக்கும் போனேன். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. ரீச்சர்தான் எடுத்தவ. ஒரு பிசகில்லை, சனம் முழுக்க ஒரே குரல். கேட்டு நிண்டிட்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு திரும்பி வந்திட்டன். கோயிலில்லாமல் இருப்பேன் என்று மேலே எழுதினதை வெட்டிவிடும். வீட்டில தனிய எவ்வளவு சத்தமாப் பாடினாலும், பக்கத்தில ஒருத்தர் பிழையாப் பாட அவரோட சேர்ந்து பாடுற மாதிரி வராது, மச்சான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் என்னால பொறுக்க ஏலாது. இந்தச் சனிக்கிழமையே பஸ் எடுத்து வாரும். நீர் முன்னுக்குப் போம், நான் பின்னால வந்து கடைசி வாங்கில இருக்கிறன். பாட்டை ரீச்சரே எடுக்கட்டும்.