ஆடுகள் சொன்ன பஞ்சம்

மனிதர்களில் மாடல்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஆரணியில் மாடல் என்றால் புதுப் புடவை டிசைன் என்று நினைப்பார்கள். இவர் அந்த ஆள் இல்லை. இன்றைய ஆட்டின் ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, கணினியில் மாடல் என்று ஒரு கணக்கைப் போட்டு, அதன் முன்னோர் எத்தனை, எங்கிருந்து வந்தன, எப்போது செத்தன என்று சொல்லிவிடுவார். பேருந்து நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்னும் ஆட்டைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தை யோசித்தபடி நின்றுவிடுவார், பேருந்து போய்விடும். நேற்று மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். மனைவியைக் கூப்பிடுவார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் ஒருவன்.

2005-இல் ஜவ்வாது மலையடிவார ஆடுகளின் கதையைக் கண்டுபிடிக்கப் படவேட்டுக்குப் போனேன். ஊர் ஊராக அலைந்து ரத்தம் எடுத்திருக்க வேண்டும். பேருந்து குறைவு, வெயில் அதிகம். நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரே பட்டியில் வேலையை முடித்துக்கொண்டேன். கணினி சொன்னது: பல தலைமுறைகளுக்கு முன் ஆடுகள் ஏறக்குறைய முழுக்க அழிந்து, ஏதோ நாலைந்து மட்டும் மிஞ்சின. எனக்குப் புல்லரித்தது.

ஆரணியில் என் அடுத்த வீட்டுக்காரர் பன்னீர்செல்வம். விசைத்தறி முதலாளி, ஊர் வரலாற்றுக் கழகத் தலைவர். அவர் தறிக்கூடத்தில் நின்று, "பஞ்சம் வந்திருக்கலாம்ணே" என்றேன். பஞ்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். 'வந்திருக்கலாம்' தறிச் சத்தத்தில் போய்விட்டது.

கழகக் கூட்டத்தில் எனக்கு மாலை விழுந்தது. பன்னீர்செல்வம் பேசப் பேசப் பஞ்சத்துக்கு ஒரு வருடம் கிடைத்தது, பிறகு ஒரு கொடுங்கோல் ஜமீன்தார், பிறகு ஒரு பெயர். முன்வரிசையில் இருந்த பெரியவர் இராஜமாணிக்கம் எழுந்து, "எங்க தாத்தா அந்தப் பஞ்சத்துல புளியங்கொட்டைய வறுத்துத் துன்னுகினு இருந்தாராம்" என்று கண்ணைத் துடைத்தார். நான் மேடையில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நினைவுக்கல் நடத் தீர்மானமாயிற்று.

கல் நடுவதற்கு முதல் நாள், வெளியூரில் இருக்கும் எங்கள் ஆய்வகத்திலிருந்து உடன் வேலை செய்யும் கீதா போன் செய்தாள்.

"சார், எல்லா ரத்தமும் ஒரே பட்டியில எடுத்தீங்களா?"

"ஏம்மா?"

"எல்லாம் அண்ணன் தங்கச்சிங்க சார். அப்பன் ஒரே கிடா."

ஒரே வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஊரின் முன்னோரை எண்ணினால் முன்னோர் குறைவாகத்தானே தெரிவார்கள்? பஞ்சமும் இல்லை, பேரழிவும் இல்லை. ஒரு சுறுசுறுப்பான கிடா இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பன்னீர்செல்வத்திடம் ஓடினேன்.

"இன்னா தம்பி பேஜார் பண்றீங்க? கல்லுல உங்க பேரே வெட்டியாச்சு. எப்பவாவது ஒரு பஞ்சம் வந்திருக்கும் இல்ல?"

"வந்திருக்கலாம்..."

"அவ்ளோதான். ஜல்தியா போய்த் தூங்குங்க, காலைல விழா."

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்லிலே நிற்பேன். திறந்தால் ஆரணியில் நடமாட முடியாது. மறுநாள் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். "ஐயா, பஞ்சத்துக்குச் சாட்சி இல்லை. தப்பு ஆட்டிடம் இல்லை, என்னிடம்" என்று சொல்லிவிட்டேன்.

இராஜமாணிக்கம் எழுந்தார். "அப்போ எங்க தாத்தா துன்ன புளியங்கொட்ட பொய்யா?"

அதற்கு என்னிடம் மாடல் இல்லை.

கல்லை நட்டுவிட்டார்கள். என் பெயரை மட்டும் சுரண்டினார்கள். அந்த இடம் கொஞ்சம் பள்ளமாக, வழவழப்பாக இருக்கிறது. பன்னீர்செல்வம் இப்போது என்னைக் கண்டால் மறுபக்கம் பார்த்துப் போகிறார். ஆனால் அன்று இரவு, வெகுகாலத்துக்குப் பிறகு, கணினியைத் திறக்காமல் நிம்மதியாகத் தூங்கினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'ஆரணிக்காரர்களே இப்படித்தான்' என்று மனதுக்குள் ஒரு முடிவும் கட்டியிருப்பீர்கள், இல்லையா? எத்தனை ஆரணிக்காரர்களைப் பார்த்தீர்கள்? மூன்றே பேர், அதுவும் ஒரே பட்டியில்.

வாருங்கள், உட்காருங்கள். நீங்களும் நம்ம ஆள்தான்.