ஆழம் பார்த்தவர்

“லீவு சொல்லியாச்சா?” என்று மனைவி கேட்டபோது கணக்கர் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“சொல்லிடலாம். அதுக்கு முன்னாடி ஆழம் பாக்கணும்.”

“நீச்சல் போட்டி உங்களுக்கா, பொண்ணுக்கா?”

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வருகிற மூன்றாவது வாரம் அவளுக்கு நீச்சல் போட்டி. போன வருடமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணக்கர் போகவில்லை. போட்டியில் முதலாவதாக வந்த மகள், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் கூட்டத்தில் அப்பாவைத்தான் தேடினாளாம். அது அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவர் பிரிவில் இரண்டே பேர், இவரும் ஸ்டோர்காரரும். ஒரே சமயத்தில் இருவருக்கும் விடுப்பு கிடையாது. “உங்களுக்குள்ளயே பேசி முடிச்சுக்குங்க, என் தலையை உருட்டாதீங்க” என்பது மேனேஜரின் நிரந்தர உத்தரவு.

“அவர்கிட்ட நேராக் கேட்டா என்னவாம்?” என்றாள் மனைவி.

“உனக்குப் பேரம் தெரியாது. எதிராளியைப் பத்தித் தெரிஞ்சுக்காம வாயைத் திறந்தா தோத்தோம்.”

தெரிந்துகொள்ள ஒரே வழி, மேசை மேசையாக டீ கொண்டுவரும் டீக்கார அக்கா.

“ஏன்க்கா, ஸ்டோர்காரர் மூணாவது வாரம் வெளியூர் ஏதும் போறாரா?”

“தெரியலையே சார்.”

“சும்மாதான் கேட்டேன்.”

மறுநாளே ஸ்டோர்காரர் காலண்டர் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார். “மூணாவது வாரம் குடும்பத்தோட எங்கயாவது போலாம்னு இருக்கேன் சார்.”

இந்த வருடமும் போட்டிக்குப் போக முடியாதோ என்று கணக்கருக்குக் கவலை வந்தது. கூடவே, தான் மோப்பம் பிடித்தது சரிதான் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இனி, ஆளை எதைக் கொடுத்துச் சாய்க்கலாம் என்று பார்க்க வேண்டும்.

“அக்கா, அவரு மூலையில புழுக்கம் ஜாஸ்தி இல்ல? என் ஜன்னலோர இடம் கிடைச்சா சந்தோஷப்படுவாரோ?”

“அப்படி ஒண்ணும் சொன்னதில்லையே சார்.”

மறுநாள் ஸ்டோர்காரர் ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே வந்தார். “இங்க என்னமா காத்து வருது! கொடுத்து வெச்சவர் சார் நீங்க.”

கணக்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே இடத்தை மாற்றிக் கொடுத்து, பதிலுக்கு மூன்றாவது வார விடுப்பைக் கேட்டார். ஸ்டோர்காரர் மனமுருகி நன்றி சொன்னார். விடுப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. “வீட்ல சொல்லிட்டேனே சார்...”

அடுத்து, மாதக் கடைசியில் குனிந்து நிமிர்ந்து சரக்கு எண்ணுவது அவருக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று கணக்கர் அக்காவிடம் கேட்டார். மறுநாள் ஸ்டோர்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த வருடம் முழுக்கச் சரக்கைத் தானே எண்ணித் தருவதாகக் கணக்கர் சொல்லிவிட்டார். ஆசாமி அதற்கும் அசையவில்லை.

“அக்கா, அவரு ஸ்கூட்டர் ஒழுங்கா ஓடுதா? அவரு வீடு என் வழியிலதான் இருக்கு.”

மறுநாள் ஸ்கூட்டர் ஓடவில்லை.

“காலையில நானே கூட்டிட்டு வந்து, சாயங்காலம் வீட்ல விட்டுடறேன் சார். ரிப்பேர் ஆகிற வரைக்கும்.”

ஸ்டோர்காரர் மறுபடி காலண்டர் முன்னால் போய் நின்றார். “சரி சார், உங்களுக்காக. வீட்ல எப்படியோ சமாளிச்சுக்கறேன். ஸ்கூட்டர் மட்டும் லேசுல சரியாகாது போல.”

கணக்கர் வீட்டுக்குள் வெற்றி வீரராக நுழைந்தார். மனைவி விவரம் கேட்டுவிட்டு, “இடம் போச்சு, முதுகு போச்சு, வண்டியும் போச்சு. இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா?” என்றாள்.

“ஆளை அலசி வெச்சிருந்ததாலதான் இதோட போச்சு. பொண்ணைப் பாக்கப் போறோம்ல?”

அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், புழுங்கும் மூலையில் வியர்த்துக்கொண்டிருந்த கணக்கருக்கு அக்கா டீ கொண்டுவந்தாள்.

“பாத்தீங்களாக்கா? அந்த ஆளு என்னைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிச்சிருந்தா பொண்ணு விஷயம் தெரிஞ்சு இன்னும் கறந்திருப்பாரு. அவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.”

“வாஸ்தவம்தான் சார்” என்றாள் அக்கா, டம்ளரை வைத்தபடி. “உங்களைப் பத்தி அவரு ஒண்ணுமே கேட்டதில்ல. தினமும் டீ கொண்டுபோனா, ‘இன்னிக்கு அவரு என்னைப் பத்தி என்ன கேட்டாரு’ன்னு மட்டும்தான் கேப்பாரு.”