சேனைக்குச் சோப்பு நீட்டிய மருமகனின் விண்ணப்பம்

குரங்கணி,
1956, ஐப்பசி மாதம்.

மகாகனம் பொருந்திய மாமா உக்கிரபாண்டி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மகள் சந்திரவல்லியைக் கைப்பிடித்த மருமகன் அழகுமலை விழுந்து வணங்கி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் நான் சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன்; அதைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. அவ்விடம் தாங்களும் அத்தையும் சந்திரவல்லியும், பெற்றவனாகிய நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்காத என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு சோலி எனக்கு இல்லை.

மாமா, அன்றைக்கு நடந்ததில் தப்பு முழுக்க என்னுடையதுதான். பிறந்த பிள்ளைக்குச் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் சேனை வைப்பது குடும்பத்தில் பெரியவர் செய்கிற காரியம், வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும், போடியிலேயே பெரிய ஏலக்காய் மண்டி நடத்துகிற தாங்கள் விரல் நீட்டியது அந்தப் பிள்ளையின் பாக்கியம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை பார்க்கிறவன் புத்தி எங்கே போகும்? எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களில் வாந்திபேதி வந்த நாளிலிருந்து கண்டவர் கையிலெல்லாம் சோப்பைத் திணித்துப் பழகிய கை, அத்தனை உறவுமுறையும் சூழ நின்ற நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீரையும் அந்தச் சிவப்புச் சோப்பையும் தங்கள் முன்னாலும் நீட்டிவிட்டது. "ஏன் மாப்ளே, நித்தம் ஏலக்கா அள்ளுற கை இது. ஊரே மோந்து பாக்க நிக்கிது. உனக்கு மட்டும் நாறுதோ?" என்று தாங்கள் கேட்டபோதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "நாத்தம் இல்ல மாமா, கிருமி" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் என் மாப்பிள்ளை மரியாதை மலையேறிவிட்டது.

தாங்கள் கோபத்தோடு கோபமாகக் கழுவினீர்கள். ஆனால் நுரையைச் சரியாக அலசாமலே சீனித் தண்ணீரில் விரலை விட்டுப் பிள்ளை வாயில் வைத்ததும் அது முகத்தைச் சுளித்து வீறிட்டதே, அந்த அழுகை பொழுது சாயும்வரை ஓயவில்லை. "பேத்திக்குத் தாத்தா குணம் வரும்னு பாத்தா, சோப்புக் குணமுல்ல வரப்போகுது" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். மறுநாள் மண்டியில் நடந்ததை ஜீப்பு ஓட்டுகிற சோணை வந்து சொன்னான். போடிமெட்டிலிருந்து இறங்கிய முதல்தரக் காயைத் தாங்கள் விரலில் நசுக்கி மோந்து பார்த்து, விரலில் இருந்த சோப்பு வாடையைக் காயின் வாடை என்று நினைத்து, "மருந்தடிச்ச சரக்கு, கொண்டு போ" என்று லோடோடு திருப்பி அனுப்பினீர்களாம். எதிர்மண்டிக்காரர் அதைச் சிரித்த முகத்தோடு இறக்கிக்கொண்டாராம். சோணைக்குச் சொல்லும்போதே சிரிப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா.

இதையெல்லாம்விட என்னைத் தின்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளை ஒவ்வொரு மடியாக மாறிக்கொண்டிருந்தது. அடுத்தது என் முறை. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அரைகுறையாகக் கழுவலாமா என்று கொல்லைக் கிணற்றடிக்குப் போய் நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று தேய் தேய் என்று தேய்த்துவிட்டு ஓடிவந்தால், பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். தாங்கள் வாசலில் நின்றுகொண்டு, "அந்தச் சோப்பையே கொஞ்சிக்கிட்டு மலையில கெட. நானாக் கூப்புடுற வரைக்கும் இந்த வாசல்ல காலு வைக்காத" என்றீர்கள். பந்தலில் இருந்த எல்லோரும் தூக்கிய பிள்ளை. பெற்ற அப்பன் பார்த்தது துணிக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு பாதம்தான், அதுவும் இடது பாதம்.

இங்கே லயனில் கை கழுவக் கற்றுக்கொடுக்கப் போனால் பெண்கள் கையை நீட்டுவதற்கு முன்னால் கேள்வியை நீட்டுகிறார்கள். மாயக்காள் என்று காய் பறிக்கிற அம்மாள் ஒருத்தி, "பிள்ள யாரு சாடைங்கய்யா? உங்க மூக்கா, அவுக மூக்கா?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல? "காலு எங்க ஆத்தா காலு மாதிரி இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வீட்டில் சந்திரவல்லியின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. சேலை மடிப்பில் அவள் போட்டுவைத்த ஏலக்காய் வாசனைக்காக நித்தம் அதைத் திறக்கிறேன். திறந்தே வைத்தால் வாசனை தீர்ந்துபோகும் என்று உடனே மூடிவிடுகிறேன். மலை முழுக்க ஏலக்காய்தான் மணக்கிறது, ஆனாலும் அந்த மணம் வேறு மாமா. அவளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மாமனாருக்கு எழுதுகிற கடிதத்தில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஆகையால் சத்தியமாகச் சொல்கிறேன். இனி தங்கள் வீட்டில் சோப்பு என்ற பேச்சே எடுக்கமாட்டேன். யார் எந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கினாலும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். தாங்கள் ஆளனுப்பிக் கூப்பிடும்வரை மலையை விட்டு இறங்கவும் மாட்டேன். சீக்கிரம் கூப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சந்திரவல்லிக்கு என் அன்பு. பேர் வைத்தாயிற்றா என்று தெரியாததால் 'பாப்பா' என்றே எழுதுகிறேன், பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம். தங்கள் மண்டியில் நல்ல காயாக வந்து குவியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
அழகுமலை

பின்குறிப்பு: மேலே செய்த சத்தியம் அத்தனையும் ரத்து. இதைப் போடி தபாலாபீசில் போடுவதற்கென்றுதான் சோணையின் ஜீப்பில் ஏறினேன், ஆனால் கால் நேராகத் தங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. இப்போது தங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே சுவரில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நின்றபோது உள்ளேயிருந்து, வீட்டு வேலை செய்கிற ஜக்கம்மாவை அதட்டுகிற தங்கள் குரல் கேட்டது. "ஏ ஜக்கம்மா, அடுப்பச் சுரண்டுன கையோட பிள்ளையத் தொடுறியே, அறிவிருக்கா? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. சும்மா தண்ணியில நனச்சுட்டு வராத, நகத்துக்குள்ள தேயி!" மாமா, எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கில் தள்ளுகிறேன். பாப்பா சிணுங்குவது இங்கே கேட்கிறது. வெரசாக் கதவத் தெறங்க மாமா. அந்தச் சோப்பக் கொண்டாங்க, நீங்களே ஒரு செம்புத் தண்ணி ஊத்துங்க, கழுவிட்டு எம் பிள்ளையத் தூக்கிக்கிர்றேன்.