கொன்ரோல் அண்ணை காட்டிய பாரிஸ்

பாரிஸில் பொலிஸ் நிற்காத இடங்கள் எவையென்று பொலிசாரை விட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான்: மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் இருந்த கொன்ரோல் அண்ணை.

மெட்ரோவில் டிக்கெட்டும் விசாவும் பார்ப்பதை இங்கே கொன்ரோல் என்போம். அண்ணை ஒன்பது வருடம் விசா இல்லாமல் ஒளித்துத் திரிந்தவர். விசா கிடைத்துப் பதினொரு வருடமாகியும் அந்தச் செய்தி அவருடைய கால்களுக்குப் போய்ச் சேரவில்லை.

நான் வந்து பதினான்கு மாதங்களாகியிருந்தன. வீடு, லா சப்பல் தமிழ்க் கடைகள், பிள்ளையின் டாக்டர். நான் கண்ட பாரிஸ் அவ்வளவுதான். கணவருக்கு ரெஸ்டோரண்டில் ஞாயிறும் வேலை. அம்மா போனில் "ஈபிள் கோபுரம் பாத்தனியோ?" என்று கேட்கும்போதெல்லாம் மழை என்று சொல்லித் தப்புவேன். ஒரு வெயில் ஞாயிறு, அண்ணையும் அவர் மனைவி ராணி அக்காவும் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். அன்றும் போகாவிட்டால் இனி எங்கேயும் வெளிக்கிடவே மாட்டேன் என்று பயந்தேன். நான்கு பால் போத்தல், காய்ச்சல் மருந்து, மூன்று மாற்றுடுப்புடன் புறப்பட்டேன்.

மூன்றாவது நிலையத்திலேயே அண்ணை கத்தினார்.

"இறங்கு தங்கச்சி, இறங்கு!"

பிள்ளையின் வண்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "என்னண்ணை?"

"அடுத்ததிலை நிப்பாங்கள்."

"டிக்கெட் இருக்குத்தானே?"

"இருக்கு. அதை ஏன் வீணாக் காட்டுவான்?"

"இவரோடை கத்தரிக்காய் வாங்கப் போறதெண்டாலும் மூண்டு மெட்ரோ மாறோணும்," என்றார் ராணி அக்கா. "கலியாண வீட்டுக்குப் போய்ச் சேர, பொம்பிளை மாப்பிளை தேனிலவுக்குப் போயிருக்கும்."

இப்படிப் பொலிசுக்கு விலகி நடந்து நடந்து, தேவாலயத்தின் பின்சுவரையும் அரண்மனையின் குப்பைத் தொட்டிகளையும் மியூசியத்தில் சாமான் இறக்கும் கதவையும் கண்டேன். முன்வாசலெல்லாம் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு. அவர்களுக்குக் கோப்பை கழுவுகிற நாங்கள் பின்பக்கத்தால் போய்க்கொண்டிருந்தோம். பால் நேரம் தப்பிவிட்டது. நானெல்லாம் ஒரு தாயா என்று சந்திக்குச் சந்தி யோசித்தேன்.

கோபுரத்துக்கு முன்னால் இருந்த பாலத்தில் அண்ணை நின்றுவிட்டார். எதிரே வாசலில் சீருடைக்காரர்கள்.

"இஞ்சையிருந்தே வடிவாத் தெரியுது. படத்தை எடு, போவம்."

எனக்கு அழுகை வந்தது. "விசாவை வைச்சுக்கொண்டும் இன்னும் ஒளிக்கிறியளே அண்ணை? நான் போறன்," என்று வண்டிலைத் தள்ளினேன். சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக் கூடாதென்று தோன்றியது.

 அண்ணை ஓடிவந்து வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.

பையைத் திறக்கச் சொன்னார் காவலாளி. அண்ணை சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். விசா, வீட்டு ஒப்பந்தம், கரண்ட் பில், பதினொரு வருடச் சம்பளச் சீட்டுகள், பல் டாக்டரின் கடிதம். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். காவலாளி தேடியது கத்தியும் கண்ணாடிப் போத்தலும்தான். சிரித்துக்கொண்டே "போங்கள்" என்று கையைக் காட்டினார்.

நானும் ராணி அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அண்ணை கோபுரத்தின் கீழே ஒரு வாங்கில் போய்க் குந்தினார்; மேலே பார்க்கவில்லை.

"ஒருத்தனும் பாக்கேல்லையே ராணி," என்றார். "இவ்வளவுக்கும் ஒரு கடதாசிகூடக் குறையேல்லை."

ராணி அக்காவின் சிரிப்பு நின்றது.  நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தாங்கோ அண்ணை, நான் பாக்கிறன்."

பிள்ளையை ராணி அக்காவிடம் கொடுத்துவிட்டு, கடைசிச் சீட்டு வரைக்கும் ஒவ்வொன்றாக வாசித்தேன்.